செயலாளர் ஆண்டறிக்கை: பழைய ஹாட் ராட் இதழ்களைச் சேர்த்த ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். தெற்குக் கலிபோர்னியாவில் வாழும் தமிழர்களான நாம், பழைய கார்கள் மீதுள்ள ஈடுபாட்டால் கூடி நடத்திவரும் இச்சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே படிப்பார்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, வேகத்துக்காக மாற்றியமைக்கப்பட்ட பழைய கார்களான ஹாட் ராட்களைப் பற்றிய பழைய இதழ்களைத் திரட்டுவதே இவ்வாண்டின் முதற்பணியாக அமைந்தது. ‘ராட் அண்ட் கஸ்டம்’, ‘பாப்புலர் ஹாட் ராடிங்’ ஆகிய இரண்டும் 2014இலேயே நின்றுபோயின. 2019 டிசம்பரில் ஒரே பதிப்பு நிறுவனம் தன் 22 அச்சிதழ்களில் 19ஐ நிறுத்துவதாக அறிவித்தபோது, ‘கார் கிராஃப்ட்’, ‘ஸ்ட்ரீட் ராடர்’ போன்ற நெடுங்கால இதழ்களும் அதில் அடங்கின. இவற்றின் புதிய இதழ் வராத நிலையில், பழையவற்றை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த பெரியவர்களின் வீடுகளில் அவை பெட்டி பெட்டியாகப் பழைய தாளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நம் உறுப்பினர்கள் வார இறுதிகளில் வீட்டுப் பொருள் விற்பனைகளுக்குச் சென்று, கேட்டும் விலை கொடுத்தும் பெற்றுவந்த பெட்டிகள் இப்போது துணைத் தலைவர் வீட்டுக் கார் கொட்டகையில் உள்ளன.

இவ்வளவு உழைப்பு எதற்காக என்பதைப் புதிய உறுப்பினர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 1932இல் ஃபோர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட வி8 எஞ்சினைச் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அக்கார்கள் பழைய கார் சந்தைக்கு வந்தபோது, இப்பகுதி இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி, எடையைக் குறைத்து, எஞ்சினை மாற்றியமைத்து, மியூராக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி வேகத்தை அளந்தார்கள். அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தவே 1937இல் பல கிளப்புகள் ஒன்றுகூடி, ஓட்ட நேரத்தை அளக்கும் தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கத்தை அமைத்தன. அச்சங்கத்தில் ஓட்ட அனுமதி பெற்ற முதல் பெண்ணான வீடா ஆர், இரண்டாம் உலகப் போரின்போது சங்கச் செய்தித்தாளைத் தொடர்ந்து வெளியிட்டு, படையில் சேர்ந்து கடல்கடந்திருந்த ஓட்டுநர்களுக்கு அஞ்சலில் அனுப்பிவந்தார். இத்துறை அச்சிதழ்களின் வரலாற்றில் அவர் பெயரை முதல் வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

போர் முடிந்தபின், 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சனும் ராபர்ட் லிண்ட்சேயும் ‘ஹாட் ராட்’ இதழைத் தொடங்கி, லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த கண்காட்சிக்கு வந்தவர்களிடம் பிரதி 25 சென்டுக்கு விற்றார்கள். முதல் இதழின் அட்டையில் இருந்தது எடி ஹல்ஸ் ஓட்டிய 668ஆம் எண் ரோட்ஸ்டர் என்னும் கூரையற்ற கார். தெருவில் பந்தயம் ஓட்டிக் கெட்ட பெயர் வாங்கியிருந்த இளைஞர்களைக் கைத்திறன் மிக்கவர்களாக ஊருக்குக் காட்டிய பெருமை அவ்விதழுக்கு உண்டு. 1949இல் அதன் ஆசிரியரான வாலி பார்க்ஸ், 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவி, பாதுகாப்பு விதிகளோடு மூடிய தடத்தில் பந்தயம் நடத்தும் முறைக்கு வழிவகுத்தார். ஆசிரியர் நாற்காலியில் இருந்தவரே இப்படிக் களத்தில் இறங்கியதால்தான், இதழில் அவர் எழுதியது வாசகர்களிடம் எடுபட்டது.

பெட்டிகளைப் பிரித்து அடுக்கும்போது ஒரு கருத்து வேறுபாடு எழுந்ததையும் பதிவு செய்கிறேன். இடம் போதாததால், விளம்பரப் பக்கங்களை நீக்கிவிட்டுக் கட்டுரைகளை மட்டும் பைண்டு செய்யலாம் என்று சிலர் கூறினர். நீண்ட விவாதத்திற்குப் பின் செயற்குழு அதை ஏற்கவில்லை. அம்முடிவு சரியென்றே இன்றும் கருதுகிறேன். எடெல்பிராக் தயாரித்த, எஞ்சினுக்குள் காற்றையும் எரிபொருளையும் கொண்டுசெல்லும் மானிஃபோல்டும், இஸ்கெண்டேரியன் தயாரித்த, வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்டும் கலிபோர்னியாவைத் தாண்டி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது அந்த விளம்பரங்களின் வழியாகத்தான். வேகத்துக்கான பாகங்களை விற்கும் ஸ்பீட் ஷாப் ஒன்றைக் கண்ணால்கூடப் பார்த்திராத உள்நாட்டுச் சிற்றூர் இளைஞன், பக்கத்தின் மூலையில் இருந்த கூப்பனை வெட்டி அனுப்பித் தனக்கு வேண்டிய பாகத்தை அஞ்சலில் வருவித்துக்கொண்டான். நம்மிடம் வந்த பல இதழ்களில் அக்கூப்பன் இருந்த இடம் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டுச் சதுர ஓட்டையாக நிற்கிறது. விளம்பரதாரரின் பொருளை இதழ்கள் கடிந்து எழுதத் தயங்கின என்ற குறையும் அப்பக்கங்களோடு சேர்ந்தே வருகிறது. அதை ஆராய விரும்புவோருக்கும் அப்பக்கங்கள் தேவை.

இவ்வாண்டு நிகழ்ச்சிகளில் மிகுந்த பயன் தந்தது, பழைய செய்முறைக் கட்டுரை ஒன்றை எஞ்சினின் அருகில் வைத்துப் படித்த கூட்டம். உறுப்பினர் ஒருவர் தாம் வாங்கியிருந்த ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சினை அதற்காகத் திறந்து வைத்தார். அவ்வகை எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், எஞ்சினின் அடிப்படை வார்ப்பான பிளாக்கிலேயே அமைந்திருப்பதால், காற்றும் எரிபொருளும் வளைந்து திரும்பித்தான் சிலிண்டருக்குள் செல்ல முடியும். அந்த வழியை இலகுவாக்க வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட இரும்பைச் சற்றே அரைத்து எடுப்பார்கள். கட்டுரையில் கண்டபடி, பிளாக்கின் மேல்முகத்தில் நீலச் சாயம் பூசி, பிளாக்குக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையே வரும் கேஸ்கெட் தகட்டை அதன்மேல் வைத்து, ஊசிமுனையால் விளிம்பைக் கீறினோம். கேஸ்கெட்டை எடுத்ததும் நீலத்தின் நடுவே மெல்லிய வெள்ளிக் கோடு தெரிந்தது. அக்கோட்டுக்கு வெளியே அரவைக் கல் போகக் கூடாது. அளவுக்கு மீறி அரைத்தால் சிலிண்டருக்குள் கலவை எவ்வளவு அமுக்கப்படுகிறது என்பதைக் காட்டும் அமுக்க விகிதம் குறைந்து, பெற்ற ஆதாயம் கையைவிட்டுப் போகும்.

எரிந்தபின் சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகையின் வழியையும் அன்று கையால் தொட்டுப் பார்த்தோம். நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்கள் புகை வெளியேறும் ஒரே வாயைப் பகிர்ந்துகொள்வதால் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களுக்கு மூன்று வாய்களே உள்ளன. அந்தச் சூடும் குளிர்நீர் அறையினூடே பிளாக்கைக் கடந்துதான் வெளியேறுகிறது. இவ்வெஞ்சின் எளிதில் கொதித்துவிடும் என்ற பழைய புகாரின் காரணம், படித்தபோது பிடிபடாத பலருக்கு அங்கே விளங்கியது. பிள்ளைகளும் விரல் விட்டு வாய்களை எண்ணினார்கள்.

வெளிப்பயணங்களைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். வில்ஷயர் சாலையில் 1994 முதல் இயங்கிவரும் பீட்டர்சன் கார் அருங்காட்சியகத்திற்கும், பொமோனாவில் வாலி பார்க்ஸ் பெயரில் அமைந்த அருங்காட்சியகத்திற்கும் சென்றுவந்தோம். எல் மிராஜில் இன்றும் தொடரும் நேர ஓட்டத்தைக் காணக் குடும்பங்களும் வந்தன. அங்கே கார்கள் ஒவ்வொன்றாகவே ஓடுகின்றன. போட்டி கடிகாரத்தோடு மட்டுமே. வெயிலும் புழுதியும் கடுமையாக இருந்தமையால், அடுத்த முறை முதியவர்களுக்கென நிழற்பந்தல் கொண்டுசெல்வது அவசியம்.

இதழ்களின் நிலை கவலைக்குரியதே. 1950களின் கையடக்கப் பதிப்புகளின் தாள் பழுத்து, மடித்த இடத்தில் ஒடிகிறது. முதுகில் குத்திய கம்பி துருவேறிப் பக்கத்தை அரிக்கிறது. அமிலமற்ற உறைகள் வாங்கும் வேலை தொடங்கியுள்ளது. பக்கங்களை ஸ்கேன் செய்வது உறுப்பினர்களின் படிப்புக்கு மட்டுமே; பதிப்புரிமை உள்ளவற்றை வெளியே பகிர வேண்டாம் என அன்போடு கேட்டுக்கொள்கிறேன். கார் கொட்டகையின் கோடை வெப்பம் தாளுக்கு ஆகாது என்பதால், குளிரூட்டிய சிறிய அறை ஒன்றை வாடகைக்கு எடுக்கவும், பொருளடக்கத்தைத் தமிழில் தொகுக்க மூவர் குழு ஒன்றை அமைக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. பெட்டிகளைச் சுமந்தவர்களுக்கும், எஞ்சினைத் திறந்துவைத்த உறுப்பினருக்கும், அன்று அனைவருக்கும் சமைத்துப் பரிமாறிய அவர் குடும்பத்தாருக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவித்து, இவ்விரு பரிந்துரைகளோடு இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்