பேசுவதைவிடக் கேட்பதே வேலை

ஆசிரியருக்கு,

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பிணைக்கைதிகள் கொல்லப்பட்ட பிறகு, நியூயார்க் போலீஸ் 1973-இல் பேச்சுவார்த்தைக்கென்றே தனிக்குழு அமைத்தது. உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற துப்பறியும் அதிகாரி ஹார்வி ஷ்லாஸ்பெர்க் அதன் முன்னோடி. குழுவின் வாசகம் ‘என்னோடு பேசு’. ஆனால் வேலை என்னவோ கேட்பதுதான். ஆட்களைப் பிணையாகப் பிடித்துவைத்து உள்ளே இருப்பவர் “என் பேச்சை யாருமே கேட்கவில்லை” என்றால், “யாருமே கேட்கவில்லையா?” என்று அதே சொற்களைத் திருப்பிக் கேட்பார்கள். அவர் மேலே பேசுவார். சாப்பாடு கேட்டாலும் உடனே சரி என்பதில்லை. “மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன்” என்பார்கள். (நம் அரசு அலுவலகங்களில் எரிச்சலூட்டும் அதே பதில்தான்!) நேரம் போகப் போக ஆவேசம் இறங்கும்.

செல்போன் டவரில் ஏறி நிற்பவரிடம் இங்கே பேசப் போகும் எஸ்.ஐ.க்கும் இந்தப் பயிற்சி கொடுக்கலாமே.

- வாசகர், திருச்சி