கோமதிக்கு, உன் பூனையின் முடி உதிர்வைப் பற்றி

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு ஊர் மாற்றம் கிடைத்ததும், உன் முழங்கால் வலி குறைந்திருப்பதும் மனத்துக்கு நிறைவாக இருந்தன. ஆனால் கடிதத்தில் பாதிக்கு மேல் நீ அந்தச் செம்பட்டைக் கடுவனைப் பற்றித்தான் எழுதியிருந்தாய். நானும் அதைப் பற்றியே எழுதுகிறேன். காதோரத்தில் முடி கொட்டிச் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கிறது, இடுப்பிலும் திட்டுத் திட்டாக வெறும் தோல் தெரிகிறது, இரவெல்லாம் சொறிகிறது, வீட்டில் எல்லோரும் அதை மீன் சந்தையிலேயே திரும்பக் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள் என்கிறாய். விட்டுவிடாதே. தெருவிலிருந்து வரும் பூனைகளின் தோல் நோய்களில் பெரும்பாலானவை குணமாகக் கூடியவை. ஆனால் என்ன நோய் என்று தெரியும்வரை எதையும் தடவாதே.

ஐப்பசி மழையில் எங்கள் மாடிப்படியின் அடியில் வந்து ஒதுங்கிய சாம்பல் நிறப் பெண் பூனைக்கும் இப்படித்தான் இருந்தது. நெற்றியில் வட்டமாக முடி இல்லை; வால் தொடங்கும் இடத்தில் முதுகு முழுவதும் கடுகைத் தூவியது போலச் சிறு பொருக்குகள். இரண்டும் ஒரே நோய் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டியபோதுதான் அவை இரு வேறு நோய்கள் என்று தெரிந்தது. அறையை இருட்டாக்கி, புற ஊதா விளக்கொன்றை நெற்றியருகே பிடித்தார் மருத்துவர். திட்டின் ஓரத்தில் ஒடிந்து நின்ற முடிகள் மட்டும் பச்சை ஆப்பிளின் நிறத்தில் ஒளிர்ந்தன. அது படர்தாமரை, மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சையால் வருவது. எல்லாப் பூனையிலும் இந்த ஒளி தெரிவதில்லையாம். அதனால் ஒளிராவிட்டால் நோய் இல்லை என்று முடிவு செய்துவிடாமல், முடியை எடுத்துப் பூஞ்சை வளர்க்கும் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். அதன் முடிவு வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம்.

முதுகில் இருந்தது தெள்ளுப்பூச்சிக் கடியால் வந்த ஒவ்வாமை. இது இருக்கிறதா என்று நீ வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நெருக்கமான பற்கள் உள்ள பேன் சீப்பால் முதுகை வாரி, சீப்பில் வரும் கறுப்புத் துகள்களை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டு. வெறும் அழுக்கென்றால் அப்படியே இருக்கும். தெள்ளுப்பூச்சியின் எச்சம் என்றால் அதிலுள்ள செரித்த இரத்தம் கரைந்து செம்பழுப்பாகப் பரவும். ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாத பூனைக்கும் இந்த ஒவ்வாமை இருக்கலாம், ஏனென்றால் பூனை தன்னை நக்கியே பூச்சிகளை விழுங்கிவிடுகிறது. அதோடு, வளர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான் என்கிறார்கள். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயிலும் மெத்தையிலும் தரை இடுக்கிலும் கிடக்கின்றன. பூனைக்கு மட்டும் மருந்து போட்டு வீட்டைக் கூட்டித் துவைத்துச் சுத்தம் செய்யாமல் விட்டால் அடுத்த மாதமே மறுபடியும் சொறியும்.

நீ சொல்லும் காதோரப் பொருக்கு வேறொன்றை நினைவூட்டுகிறது. தோலுக்குள் குடைந்து வாழும் நோட்டோஎட்ரஸ் என்னும் நுண்சிலந்தியால் வரும் சொறி, காது மடலின் ஓரத்தில் தொடங்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் பரவித் தோலைத் தடிக்கச் செய்யும். அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும். இருந்தாலும் கடிதத்தைப் படித்துவிட்டு இதுதான் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மருத்துவர் பிளேடால் அந்த இடத்தை லேசாகச் சுரண்டி, எண்ணெய்த் துளியில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உனக்கு ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டாத தூரமில்லை. பூனையை மூடியுள்ள கூடையில் வைத்துக் கொண்டுபோ.

அரிப்பு நிற்கட்டும் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஒவ்வாமைக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் படர்தாமரையாக இருந்தால் உடலின் எதிர்ப்பு குறைந்து, நோய் உடலெங்கும் பரவலாம். மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் படர்தாமரைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. நீ வாங்கி வைத்திருப்பதாக எழுதிய களிம்பின் பெட்டியை எடுத்துப் பார். உன் நாத்தனார் சொன்ன வேப்பெண்ணெயும் வேண்டாம். மாட்டுக்குத் தடவலாம், பூனைக்குக் கூடாது. தோலில் பட்டது எதுவானாலும் அது நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும். பல மருந்துகளை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு நம்மைப் போல இல்லை. நாய்க்கு விற்கும், பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த சொட்டு மருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம். ஒரு பாரசிட்டமால் மாத்திரைகூடக் கொல்லப் போதும். தரை துடைக்கும் பினாயிலை அது படுக்கும் அறையில் பயன்படுத்துவதையும் நிறுத்திவிடு. பாதத்தில் ஒட்டியதையும் அது நக்கும்.

எங்கள் பூனைக்கு இட்ராகொனசோல் என்னும் பூஞ்சை மருந்துத் திரவத்தை ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தி மறுபடியும் கொடுத்தோம். வாரம் இருமுறை குளோர்ஹெக்சிடினும் மைகொனசோலும் சேர்ந்த ஷாம்புவால் குளிப்பாட்டினோம். பத்து நிமிடம் நுரை தோலில் இருக்க வேண்டும் என்பதால் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன். கத்தும், ஆனால் கடிக்கவில்லை. படர்தாமரை மனிதருக்கும் தொற்றும். என் பேத்தியின் முன்கையில் சிவந்த வளையம் ஒன்று வந்து, தோல் மருத்துவர் கொடுத்த களிம்பில் மறைந்தது. அதனால் உன் பேரன் வந்திருக்கும்போது, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை, பூனையைத் தனி அறையில் வைத்திரு. உதிர்ந்த முடியில் இருக்கும் பூஞ்சை விதைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தினமும் கூட்டி, விரிப்புகளைத் துவைத்து வெயிலில் காயவை.

உணவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பால்சோறுதான் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். முடி என்பது புரதம்தான். சோற்றில் அதற்கு வேண்டியது இல்லை. உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்த கோழியோ, முள் நீக்கிய மத்தி மீனோ கொடு. வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் கருத்தடையையும் தோல் ஆறிய பிறகு மருத்துவரிடம் கேட்டு முடித்துக்கொள்.

எங்கள் பூனையின் நெற்றியில் முதலில் பொடி மயிர்தான் முளைத்தது. பிறகுதான் பழைய கோடுகள் தெரியத் தொடங்கின. முடி முளைத்ததைப் பார்த்து நாமே மருந்தை நிறுத்தக் கூடாது என்றும், பரிசோதனையில் பூஞ்சை இல்லை என்று வந்த பிறகே நிறுத்த வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னதை அப்படியே கேட்டோம்.

இந்த வாரமே கூட்டிக்கொண்டு போ. சுரண்டிப் பார்த்ததில் என்ன தெரிந்தது, என்ன மருந்து எழுதினார்கள் என்பதை விவரமாக எழுது. மருந்து உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் சொல், இங்கே வாங்கி அனுப்புகிறேன். அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
வசந்தா