ஹெட்லைட்டைத் தேய்த்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரவு விபத்து என்றாலே அதிவேகம், தூக்கம், குடி என்றுதான் செய்தி வருகிறது. சரி, அதெல்லாம் உண்மைதான். ஆனால் மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ வரிசையாக நிற்கும் வாடகை கார்களின் ஹெட்லைட்டை ஒரு நாள் பகலில் கிட்டப் போய்ப் பாருங்கள். பலதும் துடைக்காத அரிக்கேன் சிம்னி மாதிரி மஞ்சளடித்துக் கிடக்கும்.

என் வண்டியும் அப்படித்தான் இருந்தது. ஒரு மழை இரவில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாக வரும்போது, நடுரோட்டில் படுத்திருந்த மாடு வெகு கிட்ட வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. தப்பித்தது என் புண்ணியமா மாட்டின் புண்ணியமா தெரியவில்லை. மறுநாளே பவர் கூடின எல்இடி பல்பு வாங்கி மாட்டினேன், அது இன்னும் மோசம். மங்கின கண்ணாடிக்குள்ளிருந்து வெளிச்சம் நாலா பக்கமும் சிதறியது, எதிரே வந்த லாரிக்காரர் திட்டிவிட்டுப் போனார், ரோடு மட்டும் தெரியவில்லை.

கண்ணாடி என்கிறோமே தவிர அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் கம்பெனியிலேயே ஒரு பாதுகாப்புக் கோட்டிங் கொடுத்திருப்பார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தக் கோட்டிங்கை வருஷக்கணக்கில் தின்றுவிடுகிறது, அப்புறம் பிளாஸ்டிக்கே மஞ்சளாகிறது. நாம் எல்லாப் பழியையும் உப்புக்காற்றின் மேல் போடுகிறோம், முதல் குற்றவாளி வெயில்தான். கச்சான் காற்றில் தனுஷ்கோடி ரோட்டில் பறக்கும் மணல் தன் பங்குக்குப் பொடிப்பொடியாகக் கீறிவிடுகிறது. அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2018-இல் சோதித்தபோது, மங்கிப்போன ஹெட்லைட் லோ பீமில் (கீழே சாய்த்து அடிக்கும் வெளிச்சத்தில்) புதுசு தரும் வெளிச்சத்தில் 22 சதவீதம்தான் தந்ததாம். தேய்த்துச் சரிசெய்தால் ஏறக்குறைய 70 வரை திரும்பக் கிடைக்கிறதாம்.

ரோட்டோரத்தில் ஒருவரிடம் 300 ரூபாய் கொடுத்துத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது, நாலே மாதத்தில் முன்னைவிட மஞ்சள். ஏன் என்று விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது: இருந்த கோட்டிங்கையும் உரசி எடுத்துவிட்டு, புதுசாக எதுவும் அடிக்காமல் வெறும் பிளாஸ்டிக்கை வெயிலில் விட்டிருக்கிறார். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கும் வைத்தியமும் இதே கதைதான்.

இரண்டாவது தடவை நானே செய்தேன். சுற்றிலும் பெயிண்டில் படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஷாம்பு கலந்த தண்ணீர் விட்டு, 800 நம்பர் வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக்கூட நைஸாக இருக்கும்) ஆரம்பித்து 1000, 1500, 2000, 3000 என்று போனேன். ஒரு நம்பர் குறுக்கே தேய்த்தால் அடுத்தது மேலும் கீழுமாக, அப்போதுதான் பழைய கீறல் போய்விட்டதா என்று தெரியும். முதலில் வழிகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கும், வெள்ளையாக மாறும்வரை அந்த முதல் பேப்பரை விடக்கூடாது. தேய்த்து முடித்ததும் ஹெட்லைட் பால்போல வெளுத்து நிற்கும், கெடுத்துவிட்டோமோ என்று எனக்கு வயிறு கலங்கியது. பயப்பட வேண்டாம், ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் போட்டதும் தெளிந்துவிடும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காயவிட்டு, யுவி (புற ஊதாக் கதிர்) தாங்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், பாலிகார்பனேட்டில் நுணுக்கமாக விரிசல் விடும். கோட் அடிப்பதைக் காற்று எழும்புமுன் விடியற்காலையில் அல்லது மூடின ஷெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பத்து மணிக்கு மேல் வெளியே வைத்து அடித்தால் அதில் மணலும் சேர்ந்து காயும்.

உள்பக்கம் தண்ணீர் இறங்கியிருந்தாலோ, பல்பைச் சுற்றி வெளிச்சத்தை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டரின் வெள்ளி உரிந்திருந்தாலோ தேய்த்துப் பயனில்லை, செட்டை மாற்றத்தான் வேண்டும். மற்றபடி புது செட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். கடையில் கொடுப்பதானால் வேலை ஆரம்பிக்கும் முன்பே யுவி கோட்டிங் அடிப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். "அதெல்லாம் தேவையில்லை அண்ணே" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாடகை கார் ஓட்டும் வாசகர்,
உச்சிப்புளி