விடுதிக்கு முன்னால் வீடு

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. உங்கள் சபை விதவைகளுக்கும் திக்கற்ற பிள்ளைகளுக்குமான ஊழியத்தைத் தொடங்குகிறது, விடுதி கட்ட இடம் பார்க்கிறீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஒரே ஒரு வேண்டுகோள்: அஸ்திவாரம் தோண்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

யாக்கோபு நிருபம் 1:27-ல் திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் சேர்ந்தேதான் வருகிறார்கள். நிஜத்திலும் பெரும்பாலும் அவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள்தான். அப்பாவை இழந்த பிள்ளைக்கு அம்மா இருக்கிறாள். நாமோ அவளைத் தையல் வகுப்பிலும் பிள்ளையை விடுதியிலும் சேர்த்து, மிச்சமிருந்த குடும்பத்தையும் இரண்டாக்கிவிடுகிறோம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836-ல் ஜார்ஜ் முல்லர் என்ற ஊழியக்காரர் தொடங்கிய அநாதை இல்லங்கள் பிற்பாடு 2,050 பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தன. அவரோ தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளை மட்டுமே சேர்த்தார். அவரை முன்மாதிரி என்று சொல்லுகிற பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஏழ்மை ஒன்றை மட்டுமே காரணமாக வைத்துப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-ல் ஏற்ற வழிகாட்டுதலும் சொல்லுகிறது.

முதல் மாதத்தில் காகிதங்களைக் கவனியுங்கள். மரணச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். துக்கத்தில் இருப்பவளிடம் உறவினர் யாராவது கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், பிறகு பத்து வருஷம் வழக்காடினாலும் வீடு திரும்பி வராது. அலுவலகத்துக்கு அவளோடு போக ஒருவர், எழுதித் தர ஒருவர் என இரண்டு பேரை நியமித்துவிடுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஆனாலும் மிஷன் செய்யும் வேலைகளில் அதிக பலன் தருவது இதுதான் என்பேன்.

மாத உதவி எப்போது முடியும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் முழுத்தொகை, அடுத்த ஆறு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. வயதானவர்களுக்கும் தீராத நோயுள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களைக் கடைசிவரை சபைதான் தாங்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒரு நன்கொடையாளர் என்று பிடித்துக் கொடுக்காதீர்கள். அண்ணனுக்குப் புதுச் சட்டையும் தம்பிக்குக் கிழிசலுமாக ஒரே வீட்டில் வேற்றுமை வந்துவிடும். பணம் குடும்பத்தின் பெயரில் போகட்டும்.

தொழில் விஷயத்தில் தையல் இயந்திரத்தைத்தான் எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள். ஒரே தெருவில் இருபது பேருக்குக் கொடுத்தால் இருபது பேரும் ஒரே துணியைத்தான் தைப்பார்கள், வாங்க ஆள் இருக்காது. முதலில் சந்தையைச் சுற்றிப் பாருங்கள். எதைத் தைத்தாலும் எடுத்துக்கொள்ள இரண்டு வியாபாரிகளாவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். பயிற்சி முடிந்ததற்குச் சான்றிதழ் அத்தாட்சி ஆகாது. அளவெடுத்து, வெட்டி, சட்டைக் கைகளையும் இணைத்து ஒரு சட்டையைத் தனியாக முடிக்கட்டும். தைத்த துணியின் அடிப்பக்கம் நூல் கொத்துக்கொத்தாக வந்தால், அடிநூல் சுற்றிய பாபினைக் குறை சொல்லாமல் மேல்நூலைப் பிரித்து மறுபடி கோக்கத் தெரிந்திருக்கட்டும். இந்தச் சின்னப் பழுது தெரியாமல் எத்தனையோ இயந்திரங்கள் மூலையில் கிடக்கின்றன. உதவி நிற்கும் மாதத்தில் இயந்திரத்தைக் கொடுத்தால் அது பசிக்கு விற்கப்படும். உதவி ஓடும்போதே கொடுத்துவிட வேண்டும்.

பண்டித ரமாபாய் மகாராஷ்டிராவின் கேட்காவ் ஊரில் பெண்களுக்காக நடத்திய முக்தி மிஷனைப் பார். பஞ்ச காலத்தில் வந்த விதவைகளும் சிறுமிகளும் அங்கே நெசவு, எண்ணெய் ஆட்டுதல், பால்பண்ணை என்று பல வேலைகள் கற்றார்கள். அச்சகத்தையும் பெண்களே நடத்தினார்கள், அவர் மராத்தியில் மொழிபெயர்த்த வேதாகமம் அங்கேதான் அச்சானது. எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்காததில்தான் அவருடைய ஞானம் இருந்தது.

சேமிப்புக்கு மூன்று பூட்டுப் பெட்டி முறையைச் சொல்லுவேன். 1991-ல் நைஜர் நாட்டில் கேர் (CARE) என்ற சர்வதேச உதவி அமைப்பு தொடங்கிய வழி, இப்போது பல மிஷன்கள் கையாளுகின்றன. ஒரு குழுவில் 15 முதல் 25 பேர். பெட்டி ஒருத்தி வீட்டில், மூன்று சாவிகளும் வேறு மூன்று பேரிடம். எல்லாரும் கூடினால்தான் திறக்கும். பங்கு என்பது குழு தீர்மானித்த ஒரு தொகை; ஒவ்வொருவரும் ஒரு கூட்டத்துக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு போடலாம், சேமித்ததில் மூன்று மடங்குவரை கடன். ஏறக்குறைய வருஷ முடிவில் முழுவதையும் பிரித்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவார்கள். மிஷன் பணத்தை அந்தப் பெட்டிக்குள் போட்டுவிடாதே. ‘சபைப் பணம்தானே’ என்ற எண்ணம் வந்த நாளிலிருந்து கடன் திரும்பாது.

தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும் முதலில் தாத்தா பாட்டி, சித்தி, மாமா. அதற்கடுத்தது வளர்ப்புக் குடும்பம், கூடப்பிறந்தவர்களைப் பிரிக்காமல். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் இல்லத்திலிருந்து குடும்பத்துக்குப் போனவர்கள் பாசப்பிணைப்பில் நன்றாகத் தேறினார்கள். ஆனால் உறவினர் வீடு என்பதற்காக நம்பி விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை போய்ப் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். பள்ளிக்குப் போகிறாளா, யாருக்குப் பக்கத்தில் தூங்குகிறாள், வீட்டுவேலை எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன். உதவிக்கும் ஞானஸ்நானத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஜெபத்துக்கு வராதவளின் அரிசியை நிறுத்தினால், வருகிறவர்களும் அரிசிக்காகத்தான் வருவார்கள்.

குழுவுக்கு யாரைத் தெரிந்தெடுப்பது என்று கேட்டிருந்தாய். அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தைத் திறந்து பார். அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் விடுபட்டுப்போனதாகக் கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். அந்தப் பொறுப்புக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும் இருப்பவை கிரேக்கப் பெயர்கள்; குறைபட்டவர்கள் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்தார்கள் என்று தோன்றுகிறது. ஆகவே உங்கள் குழுவில் பாதிப்பேராவது விதவைகளாக இருக்கட்டும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

உங்கள் பகுதியில் இப்படி எத்தனை வீடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் எத்தனை, யாருக்குப் பத்திரம் இல்லை என்று எண்ணி எழுது. அது வந்த பிறகு நிலத்தைப் பற்றிப் பேசலாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் பழைய நண்பன்