அரிசியை அங்கே போய்ப் போட்டுக்கொள்

திருப்பாதிரிப்புலியூர்,
ஆடி முதல் வெள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். வாட்ஸ்அப்பில் கேட்டால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. போனில் கேட்டால் ‘ம்’ என்கிறாய். அதனால்தான் நீ இலங்கைக்குப் படம் எடுக்கப் போவதைப் பற்றிச் சொல்லவேண்டியதைப் பழைய வழக்கப்படி காகிதத்தில் எழுதி, தைத்த பையோடு கூரியரில் அனுப்புகிறேன்.

பை என்றால் பீன் பேக். நீ விட்டுப்போன நீல ஜீன்ஸின் இரண்டு கால்களையும் வெட்டி, கழுதைப் பொதி மாதிரி இரண்டு பக்கமும் தொங்கும்படி தைத்திருக்கிறேன். ஜீப் கம்பிமேல் போட்டு அதில் லென்ஸைக் கிடத்து. ஜீப்பில் ஸ்டாண்டு விரிக்கிற இடம் இருக்காது. வெறும் பையாகக் கொண்டுபோய், இறங்கிய இடத்தில் இரண்டு மூன்று கிலோ அரிசி வாங்கி நிரப்பு. திரும்பும்போது யாருக்காவது கொடுத்துவிட்டு வா. படம் எடுக்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல். அந்த நடுக்கத்தை எந்தப் பையும் வாங்காது.

அப்புறம் நீ அனுப்பிய லிஸ்ட். நிக்கான் இசட் 8 கேமரா பாடியும், தூரத்தை இழுத்துக் காட்டும் 180-600 லென்ஸும். கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ஆகும் போலிருக்கிறதே. பணம் ஏதோ மொத்தமாக வருகிறது என்றாய். வரட்டும், வந்தது பேங்கில் இருக்கட்டும். வாங்காதே, வாடகைக்கு எடு. கையில் இருக்கிற இசட் 50க்கு என்ன குறை? அதன் சென்சார் சின்னது, அதனாலேயே 180-600 போட்டால் 270இலிருந்து 900 வரை போட்ட மாதிரி இழுத்துக் காட்டும். சிறுத்தை விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் வெளியே வரும், அந்த மங்கல் வெளிச்சத்துக்காக ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் வெளிச்ச உணர்வை, ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாக விழும், அதற்குத்தான் பெரிய பாடி என்பாய். விழட்டுமே. இப்போது அதைத் துடைக்க சாஃப்ட்வேர் இருக்கிறது. நான் பென்சிலால் துடைத்தவள்.

யானைக்கு அந்த நீள லென்ஸே வேண்டாம். மின்னேரியாக் குளம் ஆகஸ்டில் வற்றிக் கரையெல்லாம் புல் முளைத்துக் கிடக்கும், யானைகள் நூற்றுக்கணக்கில் வரும் என்று நீதானே சொன்னாய். அத்தனையும் ஒரு படத்தில் வரவேண்டாமா? உன் 50-250 லென்ஸே போதும், அரைக் கிலோகூட இல்லை. வில்பத்துக் காட்டில் சிறுத்தைக்குத்தான் 180-600. இரண்டு கிலோவுக்குக் குறையாத சாமான், நாள் முழுக்கக் கழுத்தில் மாட்டித் திரியாதே, உனக்குத் தோள்பட்டை வலி உண்டு. வாடகைக்கு எடுக்கும்போது, கடல் தாண்டிக் கொண்டுபோகிறேன் என்று வாய்திறந்து சொல்லிக் கேள். சில கடைக்காரர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். சொல்லாமல் கொண்டுபோய் அங்கே ஏதாவது ஆனால் முழுப் பணமும் உன் தலையில். முடிந்தால் இன்னொரு சின்ன பாடியும் எடுத்துக்கொள். காட்டுச் செம்மண் தூசியில் லென்ஸை மாற்றினால் சென்சாரில் போய் உட்காரும், அப்புறம் எல்லாப் படத்திலும் வானத்தில் கறுப்புப் பொட்டு. ஒன்றில் நீள லென்ஸ், ஒன்றில் சின்ன லென்ஸ், கழற்றவே கழற்றாதே. திரும்பவும் சொல்கிறேன், வாங்காதே. வாடகை போதும்.

பதினாறு நாள் என்றாய். தீபாவளிக்கு இரண்டு நாள் கேட்டதற்கே லீவு தரமாட்டார்கள் என்றவன். நல்ல ஆபீஸ்தான்.

பேட்டரி ஒரு சார்ஜுக்கு முந்நூறு சொச்சம் படம்தான் வரும், குறைந்தது மூன்று வைத்துக்கொள். அந்தக் கேமராவில் ஒரே கார்டுதான் போட முடியும். ராத்திரி படுக்குமுன் எல்லாவற்றையும் இன்னொன்றில் நகல் எடு. எடுத்ததும் எனக்கு ‘ஆச்சு’ என்று ஒரு வார்த்தை போடு. அதற்குமேல் நான் எதுவும் கேட்கமாட்டேன்.

இடிபாடுகளுக்குப் புது லென்ஸ் எதுவும் வேண்டாம். கேமராவோடு வந்த கிட் லென்ஸின் 16 உன் சென்சாரில் 24 மாதிரி அகலமாகக் காட்டும், மண்டபத்துக்கு அது தாராளம். கல்லுக்கு வேண்டியது வெளிச்சம். திருவதிகைக் கோவில் கல்வெட்டுகளை ஒரு பேராசிரியருக்காக அப்பா எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது மூன்றாவதோ நான்காவதோ. டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நான் பிடித்தேன். நேராக அடித்தால் வெறும் கல். பக்கத்திலிருந்து அடித்ததும் எழுத்தெல்லாம் பள்ளம் பள்ளமாக எழும்பி வந்தது. பொலன்னறுவையில் சோழர் கட்டிய வானவன் மாதேவி ஈசுவரத்திலும் சுவரில் தமிழ் எழுத்து இருக்கிறதாம். காலை வெயில் சாய்வாக விழும்போது போ, இல்லாவிட்டால் டார்ச். கல் விகாரையில் படுத்த புத்தருக்குமேல் கூரை போட்டிருக்கிறார்கள், அங்கே நிழல் ஒரே சீராகத்தான் இருக்கும். புத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்காதே, அங்கே அது பெரிய தப்பு. செருப்பைக் கழற்றவேண்டும், கல் கொதிக்கும், சாக்ஸ் வைத்துக்கொள். சிகிரியாவில் ஓவியங்களைப் படம் எடுக்க விடமாட்டார்கள், சண்டை போடாதே. குளவிக்கூடு உண்டு, மேல்வீட்டு அக்கா மகன் சொன்னான்.

இடிபாடு பார்க்க நீ கடல் தாண்டுகிறாய். தேவனாம்பட்டினத்தில் 1758இல் பிரெஞ்சுக்காரன் இடித்துப்போட்ட டேவிட் கோட்டை கெடிலம் கரையில் கிடக்கிறது. அதை நீ ஒரு படம்கூட எடுத்ததில்லை. சரி, குறை சொல்லவில்லை. பிச்சாவரத்தில் பிளஸ் டூ லீவில் நீ எடுத்த மீன்கொத்தி இன்னும் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. போன வாரம் சிலிண்டர் போட வந்தவர் நின்று பார்த்துவிட்டு, யார் எடுத்தது என்று கேட்டார். என் பையன், சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்றேன். சொல்லிவிட்டு ஏனோ உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

நீ போன மாசம் மாற்றிய வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷம் நெகட்டிவில் கண்ணுக்குக் கீழ் டச்சிங் போட்டவள் நான். தூங்காத கண் எது, கொசு கடித்த கண் எது என்று எனக்குத் தெரியும். நேரத்தோடு தூங்கு.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆடிக் காற்றில் அம்மியே நகரும். மேல்தளத்தில் நின்று கேமராவை வெளியே எடுக்காதே, உப்பு படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் பூஞ்சையைக் கொண்டுவரும்.

பூஞ்சை என்று எழுதிவிட்டேன். இனி அப்பாவின் லென்ஸைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

அந்த 80-200 உனக்கு உதவாது. அது டி டைப். ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள் கிடையாது, பாடியிலிருந்து ஒரு திருகு சுழன்று அதை ஓட்டவேண்டும். உன் கேமராவிலும் அந்தத் திருகு இல்லை, பழைய லென்ஸை மாட்டுகிற எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை. கையால்தான் திருப்பவேண்டும், அதற்குள் சிறுத்தை போய்விடும். இதெல்லாம் உண்மை. ஆனால் நான் அனுப்பாததற்கு இது காரணம் இல்லை.

1994இல் அந்த லென்ஸ் வந்த அன்றைக்கு ஸ்டூடியோவில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். மறுவாரம் ஒரு வளைகாப்புக்குப் போக பீரோவைத் திறந்தபோதுதான் என் முகப்புச் செயின் அடகுக்கடையில் இருப்பது தெரிந்தது. ‘மீட்டுடலாம்’ என்றார். மீட்டார், நாலு வருஷம் கழித்து. அந்த நாலு வருஷமும் அவரிடம் வேண்டியதற்கு மட்டும்தான் பேசினேன். ஸ்டூடியோவில் எல்லாவற்றையும் துடைப்பேன், அந்த லென்ஸைத் தொடமாட்டேன். செயின் வந்த பிறகும் தொடவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது பீரோவின் அடித்தட்டில் தண்ணீர் ஏறியதே, அதில் லென்ஸ் பையும் நனைந்தது. நனைந்தது எனக்குத் தெரியும். எடுத்துக் காயவைக்கவேண்டும் என்றும் தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் ‘சிலிக்கா ஜெல் போட்டு வைங்க’ என்று சொல்லி விற்றவள் நான். அவர் போய் இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, அப்போதும் எனக்குச் செயின்தான் ஞாபகம் வந்தது. பீரோவை மூடிவிட்டேன்.

நீ கேட்ட பிறகுதான் திறந்தேன். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருக்கிறது, மழைக்காலத்தில் ஊறுகாய் ஜாடி விளிம்பில் பிடிக்குமே அதுமாதிரி. ஸ்பிரிட் தொட்டு முன்கண்ணாடியைத் துடைத்தேன். பூஞ்சை இருப்பது உள்ளே, முன்பக்கக் கோட்டிங்கில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். உன்னிடம் ‘பரணில் இருக்கும், தேடுறேன்’ என்று மூன்று தடவை சொன்னேன். அப்பா சொல்லாமல் செய்ததற்கு நாலு வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவள், நானே இரண்டு மாசமாக மறைத்து வைத்திருக்கிறேன். ஒன்றை மறைத்துக்கொண்டு சோறு சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று இந்த இரண்டு மாசத்தில் தெரிந்துகொண்டேன், தம்பி. கேட்கிறவர்களிடம் ‘ம்’ என்றுதான் சொல்ல வருகிறது.

சரி, அதை விடு. புதுச்சேரியில் லென்ஸ் பிரிக்கிறவர் ஒருவர் பிரித்துப் பார்க்கலாம், உத்தரவாதம் இல்லை என்கிறார். நீ பார்க்காமல் பிரிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூடிபோட்ட டப்பாவில் தனியாக வைத்திருக்கிறேன், உன் லென்ஸோடு சேர்த்து வைத்தால் அதற்கும் தொற்றலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் நாகப்பட்டினம் பஸ் கடலூர் வழியாகத்தான் போகிறது. ஒரு நாள் முன்னதாகக் கிளம்பினால் போதும். பெரியத்தையிடம் நீ வருகிறாய் என்று சொல்லவில்லை, அதனால் யாரும் வந்து எதுவும் விசாரிக்கமாட்டார்கள்.

பை ஜிப் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், மெழுகுவர்த்தி தேய்த்திருக்கிறேன். அவசரப்பட்டு இழுக்காதே. சென்னையிலேயே அரிசியைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வராதே.

அம்மா