லோடு பிடித்துத் தரும் செயலிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

லாரி புக்கிங் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்த டிரைவர்கள் இன்று போனிலேயே லோடு பார்க்கிறார்கள். வண்டி எங்கே வருகிறது என்று சரக்கு அனுப்பியவருக்கும் தெரிகிறது. இது உங்களால் வந்த நன்மைதான். ஆனால் நீங்கள் மனது வைத்தால் பெருமளவு குறையக்கூடிய ஒரு சிக்கல் அப்படியே கிடக்கிறது: காலி ஓட்டம், அதாவது லோடு இல்லாமல் வண்டி வெறுமனே ஓடுவது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரிகள் ஓடும் தூரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காலியாகவே ஓடுகிறது என்கிறது அந்த ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட். காலி வண்டிதானே என்று விட்டுவிட முடியாது. லோடோடு போகும்போது ஆகும் டீசலில் பாதிக்கு மேல் வெறும் வண்டிக்கே ஆகிவிடும். எரியும் ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 2.6 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது.

பெட்ரோல் டேங்கரில் திரும்பும்போது பால் ஏற்ற முடியாது, சரி. ஆனால் சாதாரண லாரிக்கான ரிட்டர்ன் லோடு பல நேரம் பக்கத்திலேயே, வேறொரு செயலியில் இருக்கிறது. அதனால்தான் டிரைவர்கள் பல செயலிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அதே லைசென்ஸையும் வண்டிப் பத்திரங்களையும் திரும்பத் திரும்ப ஏற்றுகிறார்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை டன், என்ன வண்டி, எப்போது என்ற விவரங்களை மட்டும் ஒரு பொது வடிவில் மற்ற தளங்களுக்கும் திறந்துவிடுங்கள். வாடிக்கையாளர் பெயரும் வாடகையும் உங்களிடமே இருக்கட்டும்.

அப்புறம், குடோன் வாசல். லோடு இறக்க இரண்டு மணி நேரமா, இரண்டு நாளா என்று தெரியாத டிரைவர் அடுத்த லோடுக்கு எப்படி வாக்குக் கொடுப்பார்? திரையில் லோடு தெரிந்தும் வண்டி காலியாகத் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். எந்தக் குடோனில் வண்டிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பது உங்கள் ஜிபிஎஸ் பதிவிலேயே இருக்கிறது. டிரைவருக்கு நட்சத்திர மதிப்பீடு போடும் நீங்கள் குடோனுக்கும் போடுங்கள். லோடை ஒப்புக்கொள்ளும் முன்பே அந்தக் காத்திருப்பு நேரம் அவர் கண்ணில் படவேண்டும். காக்கவைத்ததற்கான கட்டணமும் கேட்காமலே பில்லில் சேரவேண்டும்.

கார்பன் மிச்சம் என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கு ஒன்று: போக்குவரத்தில் வெளியாகும் கரியமில வாயு போன்றவற்றைக் கணக்கிடுவதற்காக 2023இல் வந்த சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14083 காலி ஓட்டத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. உங்கள் கணக்கும் அப்படியே இருக்கட்டும்.

எல்லாரும் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் ஏதாவது இரண்டு நிறுவனங்கள், ஒரே ஒரு வழித்தடத்தில், ஆறு மாதம் லோடு விவரங்களைப் பகிர்ந்து பாருங்கள். காலி ஓட்டம் எவ்வளவு குறைந்தது என்பதை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சாலைச் சரக்குப் போக்குவரத்தில் அக்கறையுள்ள ஒருவர்