துருவை நீக்கினால் போதாது, உப்பையும் நீக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

மண்டபம், தொண்டி, கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் துருவேறிய உளி, ஸ்பேனர், ரம்பத்தை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலானவற்றை வீட்டிலேயே மீட்கலாம்.

மரப்பிடியைக் கழற்றுங்கள். பாத்திரம் துலக்கும் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். பிசுக்கு உள்ள இடத்தில் அமிலம் ஏறாது. பிளாஸ்டிக் வாளியில் லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பைக் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, கருவி முழுதும் மூழ்கும்படி போடுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீர்மட்டத்தில் அரிப்புக்கோடு விழும். லேசான துருவுக்கு இரண்டு மூன்று மணி நேரம், தடித்ததற்கு ஓர் இரவு; இடையிடையே எடுத்துக் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டும். ரம்பத் தகடு, ஸ்பிரிங் போன்றவற்றை இரவெல்லாம் ஊறவிடக் கூடாது. கடினமாக்கிய எஃகில் ஹைட்ரஜன் புகுந்து முறியவைக்கும். துத்தநாகம் பூசிய சாமான் இதற்கு ஆகாது, பூச்சே கரைந்துவிடும்.

நம் பக்கம் பலர் கோட்டைவிடுவது கழுவும்போதுதான். உவர்ப்பான போர் தண்ணீரில் அலசினால் அதன் உப்பிலுள்ள குளோரைடு, துரு அரித்த குழிகளில் தங்கி, சில நாளில் மறுபடி துரு கிளம்பும். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த குடிதண்ணீரில் முக்கி, பிறகு வெறும் குடிதண்ணீரில் அலசுங்கள். உடனே துடைத்து, வெயிலில் சூடேற்றி, சூடு ஆறுமுன் மெஷின் எண்ணெய் பூசுங்கள். தாமதித்தால் கண்ணெதிரே செம்மை படரும்.

கழிப்பறை ஆசிட் வேலையைச் சீக்கிரம் முடிக்கும், உண்மைதான். ஆனால் அதன் ஆவி அறையிலுள்ள மற்ற கருவிகளையும் துருவாக்கும்.

வாசகர், மண்டபம்